கூடத்துச் சிவப்புத் தரையும் புதிய சமையலறையும்

வாசகர் கேள்வி: எங்கள் வீடு கும்பகோணத்தில் இருக்கிறது. 1986இல் என் மாமனார் கட்டியது. கூடம் முழுவதும் சிவப்பு ஆக்சைடு தரை. இன்றும் முகம் பார்க்கலாம் போலிருக்கிறது. சமையலறையிலும் அதே தரைதான். ஆனால் குழாய் வேலைக்காக மூன்று முறை உடைத்துப் பூசியதில் அது ஒட்டுப்போட்ட துணியாகிவிட்டது. சமையலறை 12 அடி நீளம், 10 அடி அகலம். நீளச் சுவரை ஒட்டிக் கடப்பா கல் தடுப்புகளோடு 32 அங்குல உயரத்தில் மேடை இருக்கிறது, கதவுகள் கிடையாது. குறுக்குச் சுவர் காலியாக இருக்கிறது. அங்கே புதிய அலமாரிகள் வரவேண்டும். கடைக்காரர் கணினியில் வரைந்து காட்டிய படத்தில் பளபளக்கும் வெள்ளை மார்பிள் தோற்ற டைல்ஸும், மெரூன் நிற அக்ரிலிக் கதவுகளும் இருந்தன. என் மகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. மாமனார் செய்துவைத்த தேக்கு உணவு மேசையையும் (5 அடிக்கு 3 அடி, ஆறு நாற்காலிகள்) சமையலறைக்குள் கொண்டுவர ஆசை. என் உயரம் 5 அடி 3 அங்குலம். 78 வயதான என் மாமியார் இன்றும் தரையில் அமர்ந்து அரிவாள்மனையில்தான் காய் நறுக்குகிறார். டைல்ஸைப் பழைய தரையின் மீதே ஒட்டிவிடலாமா? முதலில் தரையா, அலமாரியா? தரை, கதவு, மேசை மூன்றும் ஒரே நிறத்தில் இருக்கவேண்டுமா? பொங்கலுக்குள் முடிக்க விரும்புகிறோம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம். அறையின் அளவு, மேடையின் உயரம், உங்கள் உயரம், மாமியாரின் பழக்கம் என எல்லாவற்றையும் நீங்களே எழுதியிருப்பதால், பொதுவாகச் சொல்லாமல் உங்கள் சமையலறைக்கென்றே பதில் சொல்ல முடிகிறது. கடைக்காரர் காட்டிய படத்தில் என்னைக் கவலைப்படுத்தியது ஒன்றுதான். அந்தப் படத்தில் உங்கள் கூடம் இல்லை. சமையலறையின் நான்கு சுவர்களுக்குள் அந்த வெள்ளையும் மெரூனும் அழகாகத்தான் இருந்திருக்கும். ஆனால் சமையலறை வாசற்படியில் நிற்கும் ஒருவரின் கண்ணில் சமையலறையும், கூடத்தின் சிவப்புத் தரையும், அதன் மீது நிற்கும் தேக்கு மேசையும் ஒரே பார்வையில் விழும். ஆகவே நிறத் தேர்வைக் கதவுகளிலிருந்து தொடங்கவேண்டாம்; மாற்றமுடியாததிலிருந்து தொடங்குங்கள்.

உங்கள் வீட்டில் மாற்றமுடியாதது கூடத்துத் தரை. சிமென்ட்டோடு இரும்பு ஆக்சைடு கலந்து, கரணையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய அந்தத் தரையை இன்று அதே தரத்தில் போடும் கைகள் குறைந்துவிட்டன. உடைந்த இடத்தில் புதிதாகப் பூசினாலும் பழைய நிறம் வராது. கலவையின் அளவு, அன்றைய சிமென்ட், முப்பது நாற்பது ஆண்டுகள் அதன் மீது நடந்த கால்கள் ஆகிய எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சிவப்பு உண்டாகியிருக்கிறது. சமையலறையில் மூன்று முறை பூசியும் நிறம் சேராமல் போனதற்குக் காரணம் இதுவே. மேஸ்திரியின் குறை என்று எண்ணவேண்டாம். கூடத்துத் தரையை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். அதற்கு அடுத்தபடியாக மாற்றக் கூடாதது தேக்கு மேசை. இவ்விரண்டும் நிலைத்தபின் சமையலறைத் தரை, அதன்பின் மேடைக்கல், கடைசியாகத்தான் அலமாரிக் கதவு. ஒரு தரை முப்பது ஆண்டுகள் கிடக்கும்; கதவுகளை அதற்குள் இரண்டு முறையாவது மாற்றுவோம். நீண்ட நாள் இருக்கப்போவதை முதலில் தீர்மானித்து, எளிதாக மாற்றக்கூடியதை அதற்கு இணங்கச் செய்வதுதான் முறை. கடையில் இது தலைகீழாக நடப்பதற்குக் காரணம், கதவுகளின் மாதிரிகள்தான் அங்கே சுவரில் வரிசையாக மாட்டப்பட்டிருக்கின்றன என்பதே.

மூன்றும் ஒரே நிறத்தில் இருக்கவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அப்படி முயல்வதில்தான் பெரும்பாலான வீடுகளில் தவறு நேர்கிறது. இரண்டு பொருள்கள் அச்சாக ஒன்றுபோல் இருந்தால் கண் ஏற்றுக்கொள்ளும். தெளிவாக வேறுபட்டிருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்து சற்றே விலகி நின்றால்தான் உறுத்தும். பட்டுப்புடவைக்கு ரவிக்கைத் துணி எடுக்கும்போது நீங்களே இதை அறிந்திருப்பீர்கள்: மாறுபட்ட கரை நிறத்தில் எடுத்தால் எடுப்பாக இருக்கும், உடல் நிறத்திலேயே தேடி, ஒரு சாயல் தவறிய துணியை எடுத்துவிட்டால் புடவையும் பழையதாகத் தோன்றும். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் இதே பிழையைச் செய்தேன். அந்த வீட்டிலும் ஒரு பழைய தேக்கு மேசை இருந்தது. அதற்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று தேக்கு மரத் தோற்றம் கொண்ட லேமினேட் தாளைக் கதவுகள் முழுவதும் ஒட்டச் செய்தேன். பகலில் பெரிதாகத் தெரியவில்லை. மாலையில் டியூப் லைட்டைப் போட்டதும் லேமினேட் மஞ்சளாகவும் அசல் தேக்கு பச்சையோடிய பழுப்பாகவும் தெரிந்தன. அருமையான அந்த மேசை, ஏதோ மட்டமான மரத்தால் செய்ததுபோல ஆகிவிட்டது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மாள் மேசைமீது ஒரு விரிப்பைப் போட்டு மூடியதை நான் பார்த்தேன். அதன்பிறகு அசல் மரம் இருக்கும் இடத்தில் மரம்போன்ற அச்சுத் தாளை நான் பரிந்துரைப்பதே இல்லை.

உங்கள் மகள் விரும்பும் மெரூன் நிறத்துக்கும் இதே காரணத்தால்தான் தயங்குகிறேன். மெரூனும் உங்கள் தரையின் சிவப்பும் பங்காளிகள். தரையில் மண்ணின் சாயலுள்ள சிவப்பு இருக்கிறது. அக்ரிலிக் மெரூனில் நீலம் கலந்திருக்கும். வாசற்படிக்கு இப்பாலும் அப்பாலுமாக இவ்விரண்டும் நிற்கும்போது தரை செங்கல்போல வெளிறும். கதவு கறுத்துத் தெரியும். மகளின் விருப்பத்தை அடியோடு ஒதுக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியது ஓர் ஆழ்ந்த நிறம் என்றால், நம் பக்கத்துப் பழைய வீடுகளில் சிவப்புத் தரைக்கு மேலே சன்னல் கம்பிகளுக்கும் கதவுகளுக்கும் அடித்திருந்த பச்சையை நினைவுபடுத்துங்கள். அந்தச் சேர்க்கை தற்செயலாக வந்ததன்று; சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும். மேடைக்குக் கீழுள்ள கதவுகளுக்கு, வாழையிலையின் அடிப்புறத்தில் தெரியுமே, சாம்பல் பூத்த அந்தப் பச்சையைத் தேர்ந்தெடுங்கள். மேலே சுவரில் வரும் அலமாரிகளுக்குச் சுண்ணாம்பு வெள்ளை போதும். 10 அடி அகலமே உள்ள அறையில் கண்மட்டத்துக்கு மேல் அடர்ந்த நிறம் வந்தால் அறை நெருக்கமாகத் தோன்றும். பளபளப்பு வேண்டாம், மேட் லேமினேட் போதும். அக்ரிலிக்கில் விரல் ரேகையும் எண்ணெய்க் கையும் உடனே தெரியும்; அழுத்தித் துடைக்கத் துடைக்க நுண்ணிய கீறல்கள் விழும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகைமீது பி.வி.சி. தாளை ஒட்டிய கதவுகளையும் காட்டுவார்கள். அடுப்பின் வெக்கை படும் இடத்தில் அந்தத் தாள் ஓரங்களில் பிரிந்து எழுவதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

இனி, உங்களுடைய கேள்விகளில் முக்கியமானதற்கு வருகிறேன்: பழைய தரைமீதே டைல்ஸ் ஒட்டலாமா? பொதுவாகக் கேட்டால், உறுதியான, சமமான தரைமீது ஒட்டலாம். தூசும் செலவும் குறையும். உங்கள் வீட்டில் கூடாது. டைல்ஸின் தடிமனும் ஒட்டும் பசையின் தடிமனும் சேர்ந்து ஏறக்குறைய 15 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலத்துக்குச் சற்று மேல், தரை உயரும். அந்த அரை அங்குலம் மூன்று இடங்களில் உங்களைத் தொல்லைப்படுத்தும். முதலாவது, கூடத்திலிருந்து சமையலறைக்கு வரும் இடத்தில் ஒரு சிறு படி உண்டாகும். பெரிய படியென்றால் கண்ணுக்குத் தெரியும், கால் எச்சரிக்கையாகத் தூக்கும். அரை அங்குலம் தெரியாது. நாற்பது ஆண்டுகளாகச் சமதரையில் நடந்து பழகிய 78 வயதுக் கால்விரல் அதில் இடறும். இரண்டாவது, சமையலறைக் கதவின் அடிப்பகுதியை அறுக்கவேண்டி வரும். மூன்றாவது, உங்கள் மேடை தாழ்ந்துபோகும். தரை உயர்ந்தால் மேடை குறைகிறது என்பதை வேலை முடிந்தபிறகே பலரும் உணர்கிறார்கள்.

நின்று சமைப்பவரின் முழங்கை மட்டத்துக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே மேடையின் மேல்முகம் இருந்தால் முதுகு வலிக்காது. உங்கள் உயரத்துக்கு அது ஏறத்தாழ 33 முதல் 35 அங்குலம் வரும். இப்போதிருக்கும் 32 அங்குல மேடையே உங்களுக்குச் சற்றுத் தாழ்வு. தரையை உயர்த்தினால் 31 அங்குலத்துக்கு மேல் சிறிதளவே மிஞ்சும். மாறாக, பழைய தரையை உடைத்தெடுத்துவிட்டுப் புதிய டைல்ஸின் மேல்முகம் கூடத்துத் தரையின் மட்டத்துக்கே வருமாறு அமைத்து, கடப்பா மேடையின் மீது 20 மில்லிமீட்டர் கறுப்பு கிரானைட்டை ஒட்டினால், மேடை ஏறக்குறைய 33 அங்குலமாகிவிடும். அதே உடைப்பில் உள்ளே ஓடும் பழைய குழாய்களையும் மாற்றிவிடலாம். மூன்று முறை தரையை உடைக்கவைத்த குழாய், புதிய டைல்ஸுக்கு அடியிலும் நான்காவது முறை ஒழுகத்தானே செய்யும். இன்னொரு காரணமும் இருக்கிறது. மெருகேறிய சிவப்புத் தரை வழவழப்பானது. அதைக் கொத்திச் சொரசொரப்பாக்காமல் ஒட்டினால் பசை பிடிக்காது. ஒட்டுப்பூச்சுப் போட்ட இடங்களை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி கேட்கும் இடங்களில் பூச்சு அடியிலிருந்து ஏற்கெனவே விலகிவிட்டது என்று பொருள்.

கடப்பா கல் தடுப்புகளை உடைத்தெறிந்துவிட்டு முழுவதும் பிளைவுட் பெட்டிகளாகச் செய்யலாம் என்று உங்களிடம் நிச்சயம் சொல்லியிருப்பார்கள். கேட்கவேண்டாம். கடப்பா கல்லைக் கரையான் தின்னாது. தண்ணீரில் அது ஊறி உப்பாது. அதன் குறை வேறு: அது சுண்ணாம்புக் கல் வகை என்பதால், மேடையின் மேல்முகமாக இருக்கும்போது புளித்தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் பட்ட இடத்தில் மெருகு போய் வெளிறிவிடும். கிரானைட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. எனவே மேலே கிரானைட், உள்ளே பழைய கடப்பா தடுப்பு, வெளியே புதிய கதவுகள் என்பதே உங்களுக்கு ஏற்ற ஏற்பாடு. ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். கையால் கட்டிய அந்தத் தடுப்புகள் மேலேயும் கீழேயும் ஒரே அகலத்தில் இருக்கமாட்டா. கால் அங்குலம், அரை அங்குலம் மாறும். தொழிற்சாலையில் செய்த இழுப்பறைகளை நேராகப் பொருத்தமுடியாது. கல்லின் முகப்பில் முதலில் ஒரு சட்டம் அடித்து, அதைத் தூக்குநூலுக்கு நேராக்கி, பிறகு கதவு மாட்டத் தெரிந்த ஆசாரி வேண்டும்.

குறுக்குச் சுவரில் வரும் புதிய அலமாரிகளுக்குப் பிளைவுட் வாங்கும்போது, ‘வாட்டர் ப்ரூஃப்’ என்ற வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். பலகையின் மேல் அச்சிட்டிருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் அதன் கீழுள்ள எண்ணையும் பாருங்கள். ஐ.எஸ். 710 என்றிருந்தால் மரைன் பிளைவுட். சிங்க் அடியிலும் தண்ணீர் புழங்கும் பக்கத்திலும் இதுவே வேண்டும். ஐ.எஸ். 303 என்றிருந்தால் அதில் இரண்டு வகை உண்டு: பி.டபிள்யூ.ஆர். என்பது சமையலறையின் மற்ற இடங்களுக்குப் போதும், எம்.ஆர். என்பது படுக்கையறை அலமாரிக்கு உரியது, சமையலறைக்கு ஆகாது. பெட்டிகளுக்கு 18 மில்லிமீட்டர் தடிமன் வையுங்கள். வெட்டிய எல்லா விளிம்புகளும், கண்ணுக்குத் தெரியாத பின்விளிம்பு உட்பட, எட்ஜ் பேண்டிங் (விளிம்பைப் பட்டை ஒட்டி மூடுவது) செய்யப்பட்டிருக்கவேண்டும். ஈரம் உள்ளே ஏறுவது அந்தப் பின்விளிம்பு வழியாகத்தான்.

முதலில் தரையா அலமாரியா என்பதற்கு என் பதில் இனி எளிது. புதிய அலமாரிகள் வரும் பக்கத்தில் சுவரிலிருந்து சுவர்வரை, அலமாரிக்கு அடியிலும் சேர்த்து, முதலில் தரை. அலமாரிக்கு அடியில் டைல்ஸ் எதற்கு, வீண் செலவு என்று மேஸ்திரி சொல்லக்கூடும். கிட்டத்தட்ட 20 சதுர அடிதான் மிச்சமாகும். நானறிந்த ஒரு வீட்டில் அந்த மிச்சத்தைப் பார்த்து அலமாரிகளை முதலில் நிறுத்தி, அவற்றின் அடிப்பலகைவரை டைல்ஸை ஒட்டினார்கள். ஈராண்டுகளுக்குப் பிறகு சிங்க் குழாயில் சொட்டிய தண்ணீர், டைல்ஸ் போடாத அந்தப் பள்ளத்தில் குளம்போல நின்று, வெளியே வர வழியின்றிப் பலகைகளின் அடியை ஊறவைத்துவிட்டது. வீட்டார் அதை அறிந்தது கதவுகள் மூட மறுத்தபோதுதான். குனிந்து அடித்தட்டைத் தொட்டுப் பார்த்தேன்; நனைந்த ரஸ்க்போல விரலோடு வந்தது. தரை ஒரே சீராக உள்ளேவரை ஓடியிருந்தால், தண்ணீர் முதல் நாளே வெளியே வந்து காட்டிக்கொடுத்திருக்கும்.

அலமாரிகளை 4 அங்குல உயரக் கால்களின் மேல் நிறுத்தச் சொல்லுங்கள். கும்பகோணத்து வீடென்றால், வெள்ளிக்கிழமை சமையலறையை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். கால்களின் முன்னால் வரும் ஸ்கர்டிங் பட்டையைப் பிளைவுட்டில் செய்யாமல் அலுமினியத்திலோ பி.வி.சி.யிலோ, பிடுங்கி மாட்டும் வகையில் செய்தால், மாதம் ஒருமுறை கழற்றி உள்ளே கூட்டலாம். அந்தப் பட்டை கதவிலிருந்து 2 அல்லது 3 அங்குலம் உள்தள்ளி இருக்கவேண்டும். அப்போதுதான் நிற்பவரின் பாதம் உள்ளே நுழையும். பட்டையின் நிறம் கதவோடு சேரவேண்டியதில்லை, தரையின் நிறத்தோடு சேர்ந்தால் அலமாரி மிதப்பதுபோல் இலேசாகத் தெரியும். எரிவாயு சிலிண்டர் வைக்கும் அலமாரி அறையில் மட்டும் அடிப்பக்கம் அடைபடக் கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். அந்த அறைக்குத் தரையை ஒட்டி வெளிக்காற்றுத் துளைகள் கட்டாயம் வேண்டும். 14.2 கிலோ எரிவாயு நிரம்பிய சிலிண்டரின் மொத்த எடை ஏறத்தாழ 30 கிலோ. அதைத் தரையில் இழுத்தால் எந்த டைல்ஸிலும் கீறல் விழும். சக்கரம் வைத்த தட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த டைல்ஸ் என்பதில் மாமியாரின் பாதங்களை முன்வைத்து முடிவுசெய்யுங்கள். பளபளக்கும் வெள்ளை டைல்ஸ், அதில் தண்ணீரும் ஒரு சொட்டு நல்லெண்ணெயும் சேர்ந்தால், வெறுங்காலுக்கு ஆபத்து. மேலும், வெளிர்வெள்ளையில் சாம்பல் கோடு ஓடும் மார்பிள் தோற்றம், வாசற்படியில் அந்தச் சிவப்பைச் சந்திக்கும்போது இரண்டு வீடுகளை ஒட்டவைத்ததுபோல் இருக்கும். மணல் நிறத்திலோ, சற்றே மண்கலந்த சாம்பல் நிறத்திலோ, கோலமும் கோடும் இல்லாத, மேட் முகம் கொண்ட விட்ரிஃபைட் டைல்ஸை, 2 அடிக்கு 2 அடி அளவில் எடுங்கள். விட்ரிஃபைட் டைல்ஸ் அரை சதவீதத்துக்கும் குறைவாகவே நீரை உறிஞ்சும். ஆகையால் டைல்ஸில் மஞ்சள் கறை நிற்காது. கறை பிடிப்பது இணைப்புகளில்தான். இணைப்புகளை நிரப்பும் சிமென்ட் கிரௌட்டில் மஞ்சள்தூள் கலந்த எண்ணெய் ஒருமுறை இறங்கினால் பிறகு போகாது. அதற்குப் பதிலாக, பிசினால் ஆன எபாக்ஸி கிரௌட்டை, டைல்ஸைவிட ஒரு படி அடர்ந்த நிறத்தில் போடச் சொல்லுங்கள். கடையிலிருந்து ஒரு முழு மாதிரி டைல்ஸை வீட்டுக்கு எடுத்துவந்து, தண்ணீரும் எண்ணெயும் தெளித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உங்கள் பாதத்தால் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். எந்த விவரத் தாளும் தராத பதிலை உங்கள் குதிகால் தரும்.

ஆத்தங்குடிக் கல் போடலாமே என்று சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும், சிவப்புத் தரைக்கு அது நல்ல இணைதான். காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில், கண்ணாடித் தட்டின் மேல் வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி வார்த்தெடுக்கும் அந்தக் கற்களின் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனாலும் அவை சிமென்ட்டால் ஆனவை. எண்ணெயை உறிஞ்சும், புளியும் எலுமிச்சையும் மேல்முகத்தை அரிக்கும். அடுப்படிக்கு நான் சொல்லமாட்டேன்.

கூடமும் சமையலறையும் சந்திக்கும் வாசற்படியில், நிலையின் அடியில் மட்டும், மேடைக்கு எடுக்கும் அதே கறுப்பு கிரானைட்டில் 4 அங்குல அகலப் பட்டை ஒன்றை இரண்டு தரைகளுக்கும் சமமட்டமாகப் பதியுங்கள். சிவப்பும் மணல்நிறமும் நேருக்கு நேர் உரசாமல் அந்தக் கறுப்புக் கோடு பிரித்துவைக்கும்; புடவையின் உடலுக்கும் முந்தானைக்கும் இடையில் வரும் கோடுபோல. சிவப்புத் தரையின் விளிம்பை மெஷினால் நேராக அறுத்தபிறகே உடைக்கத் தொடங்கவேண்டும் என்பதை மேஸ்திரியிடம் முதல் நாளே உறுதியாகச் சொல்லிவிடுங்கள். உளியால் தட்டிக்கொண்டே வந்தால் விரிசல் கூடத்துக்குள் ஓடிவிடும்.

மேசை குறித்து உங்கள் ஆசைக்கு மாறாகச் சொல்வதற்கு மன்னியுங்கள். 10 அடி அகலம் என்பது 120 அங்குலம். மேடைக்கு 24 போனால் மீதி 96. மேசையை எதிர்ச்சுவரோடு ஒட்டிப் போட்டாலும் அதன் அகலம் 36. மிஞ்சுவது 60 அங்குலம். அதில் நாற்காலியில் ஒருவர் அமர்ந்தால் 24 முதல் 30 அங்குலம் போய்விடும். கொதிக்கும் சாம்பாரை இறக்கித் திரும்புபவரின் முழங்கைக்கும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் குழந்தையின் தலைக்கும் நடுவே முப்பது அங்குலம்கூடச் சரியாக இராது. சுவரோடு ஒட்டிவிட்டால் ஆறு நாற்காலிகளில் குறைந்தது இரண்டு பயனற்றும் போகும். மேசை கூடத்திலேயே, சமையலறை வாசலை ஒட்டி, சிவப்புத் தரையின் மேல் இருக்கட்டும். அதுதான் அதற்கு உரிய இடம். தேக்கின் பொன்பழுப்பு அந்தச் சிவப்பின் மேல் தெரிவதுபோல் வேறெந்தத் தரையின் மேலும் தெரியாது. நாற்காலியை இழுத்து எழுந்திருக்கச் சுற்றிலும் 30 அங்குலமாவது விட்டுப் போடுங்கள். அதன் பழைய பாலிஷ் கறுத்திருந்தால் அவசரப்பட்டு மேலே வார்னிஷ் அடிக்கவேண்டாம். மேசையின் அடிப்புறத்தில் உள்ளங்கை அகல இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, மரத்தின் உண்மையான நிறத்தைப் பாருங்கள். கதவுகள் எல்லாம் மாட்டி முடித்தபிறகு, எந்த அளவு வெளிறவேண்டும் என்று அப்போது தீர்மானிக்கலாம். நாற்காலிக் கால்களின் அடியில் ஃபெல்ட் துண்டு ஒட்டுவது சிவப்புத் தரைக்குச் செய்யும் பேருதவி.

மேசைக்கென நீங்கள் நினைத்திருந்த எதிர்ச்சுவரில், சன்னலுக்குக் கீழே, 3 அடிக்கு 4 அடி இடத்தை எதுவும் வைக்காமல் விட்டுவிடுங்கள். அது மாமியாருக்கு. ஒரு மணைப்பலகை, அரிவாள்மனை, காய்க்கூடை, பக்கத்தில் தோல் போடும் முறம். காலை வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுந்தால் கையின் நிழல் காயின் மேல் விழாது. எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள, தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் சுவரில் ஒரு கைப்பிடியை உறுதியாகப் பதிக்கச் சொல்லுங்கள். சமையலறை வடிவமைப்பு என்றாலே நின்று சமைப்பவரை மட்டும் நினைக்கிறோம். தரையில் அமர்ந்து வேலைசெய்பவருக்கு இடம் ஒதுக்கிய படத்தை ஒரு கடையிலும் நான் கண்டதில்லை. உங்கள் படத்தில் அது இருக்கட்டும்.

விளக்கையும் நிறத்தோடு சேர்த்தே எண்ணுங்கள். கெல்வின் என்பது விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் எண்; கூடினால் நீலவெள்ளை, குறைந்தால் மஞ்சள். 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் தேக்கும் சிவப்புத் தரையும் உயிரிழந்து தெரியும். 4000 கெல்வின் விளக்குகளைச் சமையலறைக்கும், 3000 கெல்வின் விளக்கை மேசைக்கு மேலும் போட்டால் இரண்டும் தம் நிறத்தில் நிற்கும். கதவு, டைல்ஸ் மாதிரிகளைக் கடையின் விளக்கில் பார்த்து முடிவுசெய்யவேண்டாம். கடைக்குப் போகும்போது சமையலறையில் பெயர்ந்த சிவப்புத் தரைத் துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோவில் ஒரு நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு போங்கள். கடையில் வியப்பாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். கடைவாசலின் வெயிலில் அந்தத் துண்டு, நாற்காலி, டைல்ஸ், கதவு மாதிரி நான்கையும் தரையிலேயே அடுக்கிவைத்து உங்கள் மகளை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். மெரூனையும் கூடவே வைத்துக் காட்டுங்கள்; அவரே வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்பது என் நம்பிக்கை.

பொங்கலுக்குள் முடியுமா என்பது நீங்கள் எப்போது தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உடைப்பு, குழாய், மின்குழாய், தரை, மேடைக்கல், மேடைக்கு மேலுள்ள சுவர் டைல்ஸ், முதல் பூச்சு வண்ணம், அலமாரி, கடைசிப் பூச்சு என்ற வரிசையை மாற்றாதீர்கள். முக்கியமாக, அலமாரிக்காரர் இறுதி அளவெடுப்பது டைல்ஸ் போட்டு முடித்தபிறகே நடக்கவேண்டும். இப்போதே அளவெடுத்துத் தொழிற்சாலைக்கு அனுப்பினால் நாள் மிச்சமாகும் என்று சொல்வார்கள். பழைய வீட்டின் சுவர்கள் செங்கோணத்தில் இருக்கமாட்டா, டைல்ஸ் ஏறியபின் அளவும் மாறும். நாள் போதவில்லையென்றால் தரையையும் மேடையையும் பொங்கலுக்கு முன் முடித்து, அடுப்பேற்றிப் பால் பொங்கவிட்டு, கதவுகளைத் தை மாதத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். கதவில்லாத மேடையில்தானே இத்தனை ஆண்டுகள் சமைத்தீர்கள்.

வேலை தொடங்கியபின் ஒருநாள் மட்டும் நீங்களே உடனிருங்கள். புதிய குழாய்களும் மின்குழாய்களும் பதிந்து, பூச்சால் மூடப்படுவதற்கு முந்தைய நாள் அது. ஒவ்வொரு சுவரின் முன்னாலும், தரையின் மீதும் அளவு நாடாவை விரித்துவைத்து, குழாய் எத்தனை அங்குலத்தில் ஓடுகிறது என்பது தெரியுமாறு கைபேசியில் படமெடுத்து, அச்சிட்டு, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். நாளை அலமாரியை மாட்டச் சுவரில் துளையிடும் ஆசாரியிடம் அந்தப் படத்தைத்தான் முதலில் காட்டவேண்டும்.